பெர்கனில் மூன்று நாள், தனியாக

இதழினி காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, பற்பசையில் கிராம்பு தூக்கலாக இருக்கிறது என்று மன்னார்குடியிலிருந்து அவளுடைய நாத்தனார் வெண்பா முகம் சுளித்தாள். போன வாரத்துப் பசையே தேவலை என்றான் ஓசூரில் இருந்த சித்தப்பா மகன். பள்ளிக்கரணையில் அவள் குடியிருக்கும் அதே கட்டடத்தின் பதினான்காம் மாடியிலிருந்து நாங்கள் மூன்று பேர் ஆமாம் போட்டோம். இதழினி வாய் கொப்பளித்தாள். நாற்பது பேருக்கும் வாய் சுத்தமானது.

இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. காதுக்குப் பின்னால் உளுந்தளவு சில்லு ஒன்றைப் பிறந்த பதினோராம் நாளே பதித்துவிடுகிறார்கள். அதற்குச் சுற்றிழை என்று பெயர். உறவும் அக்கம்பக்கமும் சேர்ந்து ஒரு சுற்று. சுற்றில் ஒருவர் நாக்கில் படுவதும் மூக்கில் ஏறுவதும் மற்ற எல்லோருக்கும் போய்விடும். பேச்சும் போகும். நினைப்பு மட்டும் போகாது. அந்த வசதியைக் கேட்டு நாங்கள் மூன்று முறை மனுக் கொடுத்திருக்கிறோம்.

இழையை நிறுத்தலாமா என்றால், நிறுத்தலாம். சுற்றில் உள்ள அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும். எங்கள் குடியிருப்புச் செயலாளர் கதிரொளியின் சில்லு ஒருமுறை மழையில் நனைந்து ஒரு மணி நேரம் அணைந்துபோனது. பதினொரு பேர் மாலையோடு போய் நின்றோம். லுங்கியோடு வந்து கதவைத் திறந்தார் மனிதர். மாலையை வீணாக்குவானேன் என்று அவருக்கே போட்டு ஒரு படம் எடுத்துக்கொண்டோம்.

இப்படிப்பட்ட சுற்றில்தான் ஒரு செவ்வாய்க்கிழமை இதழினி சொன்னாள்: “நான் மூணு நாள் பெர்கனுக்குத் தனியா போயிட்டு வரலாம்னு இருக்கேன்.”

“தனியான்னா? கூட யாரு?” என்று கேட்டாள் வெண்பா.

“யாருமில்ல அண்ணி.”

“அதான், யாருமில்லாம யாரு கூட?”

இதழினியின் கணவர் நிலவில் பனிக்கட்டி வெட்டும் வேலையில் இருந்தார். அவ்வளவு தூரத்துக்கு இழை எட்டாது. அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சுற்றில் பாதிப் பேர் ஏனோ பெருமூச்சு விடுவார்கள். ஆகவே அவர் கூடப் போகவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

காரணம் இல்லாமல் அவள் கிளம்பவில்லை. இதழினி காப்பித்தூள் ஆலையில் நாவர் வேலை பார்ப்பவள், அதாவது சுவைத்துப் பார்த்துத் தரம் சொல்பவள். மூன்று கோப்பை வைப்பார்கள். இரண்டில் ஒரே காப்பி, ஒன்றில் வேறு. வேறானதைத் தொட்டுக் காட்ட வேண்டும். இருபது வருடம் அவள் தொட்டது தப்பியதில்லை. எங்கள் கட்டடத்துக்கே அது பெருமை. ஆனால் போன மாதத் தேர்வில் பத்துக்கு நான்குதான். தப்பு அவளுடையதில்லை. அவள் மூன்றாம் கோப்பையை எடுத்த நேரம் பார்த்து வெண்பா மாவடு கடித்தாள். கதிரொளி இருமல் மருந்து குடித்தார். நான் என்ன சாப்பிட்டேன் என்பது இங்கே தேவையில்லை.

வரும் திங்கட்கிழமை மறுதேர்வு. அதிலும் கோட்டைவிட்டால் ஆலைக் கிடங்கில் பெட்டி பிரிக்காமல் இருக்கும் இயந்திர நாக்கு அவள் நாற்காலிக்கு வந்துவிடும். மூன்று நாள் இழை இல்லாமல் இருந்தால் நாக்கு தன் நினைவுக்கு வரும், ஒரு வாரம் அப்படியே நிற்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். உலகத்திலேயே இழையை ஊருக்குள் விடாத நகரம் நார்வேயின் பெர்கன் ஒன்றுதான். அங்கே பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே வருவார்களாம், அடுத்தவருக்குத் தொந்தரவு கூடாதென்று. கேட்டபோது எங்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு ஊரே இப்படிப் பழகியிருக்கிறதென்றால் சாமானியமா?

பயணத்துக்குச் சம்மதம் தேவையில்லை, ஆனால் ஆலோசனை உண்டல்லவா? இதழினியின் அடுக்களைச் சுவரில் இருந்த பயணமதி, எல்லோர் வீட்டிலும் இருக்கும் அதே திட்டமிடும் பொறிதான், திட்டத்தை வாசிக்கத் தொடங்கியதும் நாற்பது பேரும் சேர்ந்துகொண்டோம்.

“முதல் நாள், இழுவை ரயிலில் மலையுச்சி,” என்றது பயணமதி. “ஏழு மலைகளும் துறைமுகமும் தெரியும். மழைக்கு வாய்ப்பு மிக அதிகம்.”

“நம்ம பழனி விஞ்ச் மாதிரி. குடை மூணு எடுத்துக்கோ,” என்றார் கதிரொளி.

“இரண்டாம் நாள், துறைமுகத்தை ஒட்டிய பழைய மர வீடுகள். காவி, கடுகு மஞ்சள், வெள்ளை. சந்துகளில் நடக்கலாம்.”

“ஈர மரம் வழுக்கும் இதழு. ரப்பர் செருப்பு வச்சுக்கோ. நான் புளிக்காய்ச்சல் தரேன்,” என்றாள் வெண்பா.

“மூன்றாம் நாள், பயணியின் குறிப்புப்படி, சும்மா உட்காருவது.”

நாற்பது பேரும் ஒரே நேரத்தில் பேசினோம்.

“சும்மா உக்கார பெர்கன் வரைக்கும் போகணுமா? இங்க உக்காந்தா என்னவாம்?”

“இங்க விட்டாத்தானே அண்ணி,” என்றாள் இதழினி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்று அவள் குடித்த காப்பி நாற்பது வாயிலும் கொஞ்சம் கசந்தது.

அடுத்த இரண்டு நாளும் பேச்செல்லாம் பெர்கன்தான். அதன் மழையை நினைத்து மெய்ம்மறந்தோம். யாரும் யாரையும் எங்கே போகிறாய் என்று கேட்காத தெருக்களை நினைத்து வாய் பிளந்தோம். உண்மையைச் சொன்னால், இதழினியை நினைத்தும்தான். நாற்பத்தேழு வயதில் தனியாக ஒரு பை, ஒரு குடை, ஒரு ஊர். எங்களில் யாருக்கு வரும் அந்தத் துணிச்சல்?

நான் வியாழக்கிழமை மாலையே புறப்பட்டுவிட்டேன். கெட்ட எண்ணம் எதுவுமில்லை. தனியாகப் போகிறவளைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொள்ள ஒருவராவது வேண்டாமா? அவள் கண்ணில் படாமல், ஒரு மரத்தடியில் நின்று. யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை இதழினி குழல்தேர் நிலையத்துக்கு வந்தாள். குழாய்க்குள் பாயும் அந்த வண்டியில் சென்னையிலிருந்து பெர்கனுக்கு நான்கு மணி நேரம். வழியனுப்ப நாற்பது குரல் வரும் என்று காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. “அண்ணி?” என்றாள். “கதிர் சார்?” என்றாள். ஒரு ஏலக்காய் வாசனைகூட இல்லை. நாற்பது மாலைக்கு எந்தக் கடைக்குப் போவது என்று ஒரு கணம் நிஜமாகவே யோசித்தாளாம்; பிறகு அவளே சொன்னது இது.

பயணமதியை அழைத்துக் கேட்டாள்.

“அவர்கள் நலம்,” என்றது அது. “நாற்பது பேருக்கும் நான்தான் சீட்டு எடுத்தேன். நேற்றும் இன்று அதிகாலையுமாக எல்லோரும் பெர்கனுக்குள் நுழைந்துவிட்டார்கள். ஒவ்வொருவரும் தனியாகப் போகிறார்கள்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“தாங்கள் இப்போதுதான் கேட்டீர்கள்.”

இதழினி நிலையத்துக் கடையில் ஒரு காப்பி வாங்கினாள். கேவலமான காப்பி. சிக்கரி பாதி, சுடுதண்ணீர் மீதி. அந்தக் கேவலம் மொத்தமும் அவள் ஒருத்திக்கே சொந்தமாக இருந்தது. நின்ற இடத்திலேயே கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். மூன்று நாளும் சும்மா உட்கார்ந்தாள்.

நாங்களோ பெர்கன் மலையுச்சியில், மழையில். நான் நின்ற மரத்தடியில் ஏற்கெனவே ஒரு மழைக்கோட்டு நின்றது. முகம் தெரியவில்லை. ஆனால் அதனுள்ளிருந்து புளிக்காய்ச்சல் வாசனை வந்தது.

“வெண்பாக்கா?”

“நீ எங்கடி இங்க?”

“நீங்க எங்க இங்க?”

பாறைக்குப் பின்னாலிருந்து ஒருவர் இருமினார். கதிரொளி. மதியத்துக்குள் நாற்பது பேரும் ஆளுக்கொரு மறைவிலிருந்து வெளியே வந்துவிட்டோம். வெட்கப்பட நேரமில்லை. இதழினியைக் காணோம்! உடனே தேடும் குழு அமைத்தோம். ஊரை நான்காகப் பிரித்துக் குழுவுக்குப் பத்துப் பேர். மர வீடுகளைத் தாண்டி ஓடினோம். அவை என்ன நிறம் என்று பார்க்கவில்லை. மீன் சந்தையில் புகுந்து மறுபக்கம் வெளியேறினோம். பேருந்தில் நாங்கள் ஏறியதும் உள்ளூர்க்காரர்கள் அமைதியாக எழுந்து இறங்கிக்கொண்டார்கள். ஒருவர்கூட என்ன ஏது என்று கேட்கவில்லை. எப்பேர்ப்பட்ட ஜனங்கள்!

ஞாயிற்றுக்கிழமை திரும்ப வேண்டும். ஆளைக் காணாமல் எப்படித் திரும்புவது? சீட்டை ஒரு நாள் தள்ளிப் போட்டோம்.

திங்கட்கிழமை ஆலையில் இதழினி பத்துக்குப் பத்து வாங்கினாள். இயந்திர நாக்கைப் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை சென்னையில் இறங்கி, இழை உயிர்பெற்றதும், எங்கள் நாக்கில் முதலில் வந்து விழுந்தது ஒரு காப்பி. அப்படி ஒரு காப்பியை அதற்கு முன் நாங்கள் குடித்ததில்லை.

“வந்துட்டீங்களா? பெர்கன் எப்படி இருந்துச்சு?” என்று கேட்டாள் இதழினி.

பதில் சொல்ல வாயெடுத்தோம். யாருக்கும் ஊர் ஞாபகமில்லை.

“மழை,” என்றார் கதிரொளி கடைசியில்.

அவள் கோபிப்பாள் என்று பயந்தோம். கோபிக்கவில்லை. அது எவ்வளவு பெரிய மனசு என்று அன்றைக்கெல்லாம் பேசினோம். மாதக் கடைசியில், அடுத்த தேர்வுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, பல் தேய்த்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்: “பெர்கன்தான் போக முடியாமப் போச்சு. இழை இல்லாத படகு ஒண்ணு ஸ்டாக்ஹோம் தீவுகளைச் சுத்துதாம். மூணு நாள். தனியா போகலாம்னு பாக்குறேன்.”

அந்தப் படகு மிக நன்றாக இருந்தது. அதற்கடுத்த மாதம் ஓஸ்லோவுக்குப் பக்கத்தில் இழை எட்டாத காட்டுக் குடிலும் அப்படித்தான். அங்கே நாற்பது பேருக்கு ஒரு கழிவறை, அவ்வளவுதான் குறை. மூன்று இடத்திலும் இதழினியை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. மூன்று தேர்விலும் அவள் பத்துக்குப் பத்து.

இந்த வெள்ளிக்கிழமை அவள் கோபன்ஹேகனை அடுத்த, இழை எட்டாத ஒரு தீவுக்குப் போகிறாள். நான் வியாழனே கிளம்புகிறேன். இந்த முறை நிச்சயமாக வருவாள்.