வியாழக்கிழமை வந்தவள்

ஜன்னல் விளிம்பில் இருந்த மருந்துக் குப்பி அநேகமாக நிரம்பியே இருந்தது. கொபுசிங்கே அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். வலிக்குக் கொடுக்கும் பச்சைத் திரவம். மூன்று வாரத்துக்கு முன்பு அவளே கொண்டுவந்து வைத்தது. மேலே ஒட்டிய தாளில் அவள் கையெழுத்து இன்னும் கலையாமல் இருந்தது: நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, பத்து மில்லி. எட்டாம் நாளே தீர்ந்திருக்க வேண்டிய மருந்து. அது இறங்காமல் மூன்று வாரம் கிடந்தால், கட்டிலில் படுத்திருக்கும் திபம்வெண்டாவின் அலறல் கீழே தேயிலைத் தோட்டம் வரைக்கும் கேட்க வேண்டும்.

வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. பின்கட்டில் வாழையிலைக்குள் காய் வேகும் பானை மட்டும் மெல்ல மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மணி மூன்றுதான் ஆகியிருந்தது, ஆனால் ருவென்சோரி மலைப் பக்கமிருந்து மேகம் இறங்கி, தகரக் கூரையின் கீழ் அறை பாதி இருண்டுவிட்டது. யூகலிப்டஸ் விறகுப் புகையும், ஈரமான மண் சுவரும், துவைத்த போர்வையும் மணத்தன. அவள் மூக்கு இவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு வேறொன்றைத் தேடியது. அதைத்தான் காணோம். திபம்வெண்டாவின் கன்னத்துப் புண்ணின் நாற்றம்.

அந்த நாற்றத்துக்குப் பயந்துதான் அவள் இரண்டு வியாழக்கிழமை வரவில்லை.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பதினோரு வருடமாக, சாகப்போகிறவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் நர்ஸ் அவள். புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாடம் எடுப்பவள். "நோயாளிக்கு முன்னாடி மூக்கைச் சுளிக்காதீங்க, அவங்களுக்கு வலியைவிட அதுதான் பெரிய வலி" என்று சொல்லிக் கைதட்டு வாங்கியவள். தேயிலைத் தொழிற்சாலையில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த இந்த மனிதருக்குத் தாடையில் வந்த புற்று கன்னத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தபோது, ஏனென்று தெரியவில்லை, அவளுக்குள் ஏதோ ஒன்று அறுந்துபோயிற்று. மூன்று வாரத்துக்கு முன்பு கட்டு மாற்றியபின் மலைப்பாதையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, ஒரு வாழை மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். அடுத்த வியாழக்கிழமை கடைத்தெருவோடு நின்றுவிட்டாள். ஒரு தேநீர்க் கடையின் பின்மேசையில் சப்பாத்தியும் முட்டையும் தின்றபடியே நோட்டில் எழுதினாள்: "போய்ப் பார்த்தேன். புண் சுத்தம் செய்யப்பட்டது. வலி குறைந்திருக்கிறது." அதற்கடுத்த வியாழனும் அதே மேசை, அதே வரிகள்.

நடுவில் பதினேழு முறை அவள் போன் அடித்தது. எல்லாம் திபம்வெண்டாவின் மனைவி கெமிரெம்பே. ஒன்றையும் அவள் எடுக்கவில்லை.

இன்று வந்ததுகூட நல்ல மனதோடு அல்ல. இதற்குள் அவர் இறந்திருப்பார், மனைவியின் கையைப் பிடித்து இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம் என்று நினைத்துத்தான் மலையேறினாள். வழியெல்லாம், அப்படியே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டும் வந்தாள்.

"டீ குடிங்க, அகீக்கி."

கெமிரெம்பே பால் தேநீரோடு வந்து நின்றாள். அறுபதை நெருங்கும் மெலிந்த பெண். மரியாதைக்கும் பிரியத்துக்கும் அழைக்கிற எம்பாக்கோ பெயரைச் சொல்லித்தான் எப்போதும் கூப்பிடுவாள். குரலில் கோபமில்லை. கொபுசிங்கே கோப்பையை வாங்கினாள். அவளும் பதிலுக்கு எம்பாக்கோ பெயராலேயே அழைத்தாள்.

"அத்தென்யி... போன் வந்துச்சு. நான்..."

"அதை விடுங்க. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி நீங்க வந்து உக்காந்தீங்கல்ல, அன்னிக்குத்தான் மனுஷன் முதல்தடவையா கண்ணசந்தாரு. ஊரே சொல்லுது, நம்ம நர்ஸு மாதிரி வராதுன்னு. ரொம்ப நன்றி."

குத்திக்காட்டுகிறாளா? கொபுசிங்கே அந்த முகத்தை உற்றுப் பார்த்தாள். ஒரு கேலி, ஒரு உதட்டுச் சுளிப்பு, ஏதாவது இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். எதுவும் இல்லை. நான் வரவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். நோட்டில் எழுதிய வரிகள் ஞாபகத்துக்கு வந்தன.

"அது என் கடமைதானே" என்றாள்.

சொன்ன கணமே உடம்பெல்லாம் சுட்டது.

வேலையில் ஒளிந்துகொள்ளலாம் என்று பையைத் திறந்து கையுறை மாட்டினாள். திபம்வெண்டா கண் திறந்துதான் படுத்திருந்தார். அந்தப் பெரிய உடம்பு போர்வைக்குள் குச்சிகளாகக் கிடந்தது. கன்னத்தில் வெள்ளைத் துணிக்கட்டு. அவள் போடும் கட்டு அல்ல அது. அவளுக்கு இத்தனை பொறுமை ஒருநாளும் இருந்ததில்லை. ஒவ்வொரு மடிப்பும் சவப்பெட்டிக்குள் விரிக்கும் துணிபோல அத்தனை நேர்த்தியாக இருந்தது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டை அவிழ்த்தாள்.

புண் ஆறவில்லை. இன்னும் பெரிதாகியிருந்தது. உள்ளே கடைவாய்ப் பற்கள் தெரிந்தன. ஆனால் சீழில்லை, ரத்தமில்லை, ஈரமே இல்லை. சுட்ட மண்பானையின் உடைந்த விளிம்புபோல் காய்ந்து கிடந்தது. நாற்றத்தைக் கொல்ல மாத்திரையைப் பொடித்துத் தூவுவார்கள். அந்த வெள்ளைப் பொடியும் அதில் இல்லை. பாதங்களைத் தொட்டாள், குளிர்ந்திருந்தன. முழங்கை, குளிர். வலது உள்ளங்கை மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. இப்போதுதான் யாரோ பிடித்திருந்து விட்டதுபோல.

அவர் பார்வை அவளைத் தாண்டி வாசலுக்குப் போயிற்று. பிறகு மனைவியிடம் திரும்பியது. சிதைந்த வாய் வழியே சொற்கள் காற்றோடு காற்றாக வந்தன.

"யாரு இது?"

"நர்ஸு. நம்ம கொபுசிங்கே நர்ஸு."

அவர் யோசித்தார். மெல்லத் தலையை ஆட்டினார்.

"இல்ல. நர்ஸு சாயங்காலம்தான் வருவா."

தகரக் கூரையில் முதல் துளிகள் கல்லெறிந்ததுபோல் விழுந்தன. அடுத்த நிமிடமே மழை பிடித்துக்கொண்டது. செம்மண் பாதை இனி சோப்புபோல் வழுக்கும். இரண்டு மணி நேரத்துக்கு மோட்டார் சைக்கிளை எடுக்க முடியாது. கொபுசிங்கே கையுறையைக் கழற்றினாள், மாட்டினாள், மறுபடி கழற்றினாள்.

"அத்தென்யி" என்றாள். மழைச் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "நான் வந்தப்ப... என்ன செஞ்சேன்?"

கெமிரெம்பே ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். அவள் துடைத்து முடிப்பதற்குள் கொபுசிங்கே பதினோரு வருடத்தையும் இழந்துவிட்டதுபோல் உணர்ந்தாள்.

"நான் வரல, அத்தென்யி. ரெண்டு வாரமும் வரல. கீழ கடையில உக்காந்து பொய் எழுதினேன். என்னால... அந்த வாடை என்னால தாங்க முடியல."

"தெரியும்."

"தெரியுமா?"

"அது வந்த அன்னிக்கே தெரியும், நர்ஸம்மா." அகீக்கி இப்போது நர்ஸம்மாவாகியிருந்தது. "நீங்க போன மறுநாளே அவருக்கு முழுங்க முடியாமப் போச்சு. மருந்து ஊத்தினா ஓட்டை வழியா வெளிய வருது. ஒரு மடக்கு இறங்கல. ஆறு நாள் கத்தினாரு. உங்களுக்குப் போன் போட்டேன், போட்டேன், போட்டேன். கடைசியில கோடாலியை எடுத்து வச்சுக்கிட்டேன். பொய் சொல்லல. கட்டின புருஷன்மேல கோடாலி போடலாம்னு உக்காந்திருந்தேன்."

கொபுசிங்கேவால் நிமிர முடியவில்லை. மருந்தை விழுங்க முடியாதவர்களுக்கு வேறு வழியில் கொடுக்கலாம். ஐந்து நிமிட வேலை. போனை எடுத்திருந்தால் போனிலேயே சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

"அப்பத்தான் கதவுல நின்னுச்சு. வியாழக்கிழமை. உங்க சட்டை, உங்க பை, உங்க செருப்பு. எம்பாக்கோ என்னன்னு கேட்டேன். சொல்லத் தெரியல. உங்க பேரை மட்டும் திருப்பித் திருப்பிச் சொல்லுச்சு. முகம்..." அவள் கணவனை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "முகம் அப்ப இன்னும் சரியா வரல. நான் நிமிந்து பாக்கல."

"உள்ள விட்டீங்களா?"

"விட்டேன்."

"அது என்னன்னுகூடத் தெரியாம?"

"அது வந்துச்சே!" முதல்முறையாக அவள் குரல் உயர்ந்தது. "வேற யாரு வந்தா? நீங்க வந்தாக்கூட அந்த மூலையில நின்னுக்கிட்டுத்தான் பேசுவீங்க. அது கட்டில்ல உக்காந்துச்சு. அவர் கையைப் புடிச்சுச்சு. அவ்வளவுதான். கத்தல் நின்னு போச்சு. இப்ப தினம் வருது."

கொபுசிங்கே ஓட நினைத்தாள். மழைக்குப் பயப்பட என்ன இருக்கிறது, நனைந்துகொண்டே நடக்கலாம். ஆனால் அந்தப் பெண்ணின் கண்ணெதிரே மறுபடி ஒருமுறை இந்த வீட்டைவிட்டு ஓட அவள் கால்கள் கூசின. அதுதான் அவளை நிறுத்தியது. வெறும் கூச்சம்.

மழை சட்டென்று ஓய்ந்தது. கூரையிலிருந்து சொட்டும் நீர். பானையில் கொதி அடங்கிய சத்தம். வாழைத் தோட்டத்துக்குள் ஏதோ ஒரு பறவை ஒருமுறை கத்திவிட்டு நிறுத்திக்கொண்டது.

பிறகு செருப்புச் சத்தம்.

சேற்றில் பதிந்து, உறிஞ்சி, விடுபடும் சத்தம். மெதுவாக. களைத்த நடை. இடது காலைச் சற்றே இழுத்து நடக்கும் நடை. கொபுசிங்கேவுக்கு அந்த நடை தெரியும். பதினோரு வருடமாக மலையேறி இறங்கித் தேய்ந்த அவள் இடது முட்டியின் நடை.

கெமிரெம்பே எழுந்தாள். கட்டில் விரிப்பைத் தட்டிச் சரிசெய்தாள், விருந்தாளிக்குச் செய்வதுபோல. திபம்வெண்டாவின் கண்களில் வெளிச்சம் வந்தது.

கதவு திறந்தது.

கொபுசிங்கே பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள். சுவரில் நிழல். பையைக் கீழே வைக்கும் நிழல். கட்டில் கிறீச்சிட்டது. நீண்ட, ஆழ்ந்த, நன்றி நிறைந்த ஒரு பெருமூச்சு அவரிடமிருந்து எழுந்தது. ஒரு மனிதர் இப்படி மூச்சுவிட்டு அவள் கேட்டதேயில்லை. தன் நோயாளிகள் ஒருவரிடமும் கேட்டதில்லை.

அவள் திரும்பினாள்.

முகம் இப்போது சரியாக வந்திருந்தது. அவளுடைய நெற்றி. அவளுடைய மூக்கு. மூக்கு சுளிக்கவில்லை. கண்கள் மட்டும் இமைக்கவே இல்லை. அத்தனை கனிவு அந்தக் கண்களில். கொபுசிங்கே தன் முகத்தில் ஒருநாளும் வரவழைக்க முடியாத கனிவு.

ஒரு கை அவர் கையைப் பிடித்திருந்தது. இன்னொரு கை நீண்டது. இவளை நோக்கி. உள்ளங்கை மேலே பார்க்க. காத்துக்கொண்டிருந்தது.

"குடுங்க, நர்ஸம்மா" என்றாள் கெமிரெம்பே. "ரெண்டு வாரமா உங்களைத்தான் கேக்குது. எல்லாத்தையும் அது ஒண்ணே எத்தனை நாளைக்கு வச்சிருக்கும்?"

"என்னத்தை?"

மூவரும் அவளையே பார்த்தார்கள். அவர் பார்வையில் கெஞ்சல் இருந்தது. அந்தப் பார்வையைத் தாங்குவதைவிடக் கையைக் கொடுப்பது சுலபமாக இருந்தது. அவள் கையை நீட்டினாள்.

விரல்கள் மூடிக்கொண்டன. வெதுவெதுப்பாக. மென்மையாக. இறுக்கமாக.

முதலில் தாடை. எலும்புக்குள் ஒரு முளை நகர்வதுபோல். பிறகு காது. பிறகு கண்ணுக்குப் பின்னால். கையை இழுத்தாள். வரவில்லை. கன்னம் உள்ளிருந்து எரிந்தது. அவள் வாயைத் திறந்து அலறினாள்.

வந்தது ஆண் குரல். லாரி ஓட்டியவரின் கனத்த, கரகரத்த குரல்.

திபம்வெண்டா கண்களை மூடினார். முகத்தின் ஒவ்வொரு சுருக்கமாகத் தளர்ந்தது. தூங்கினார்.

கெமிரெம்பே கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். அவள் கண்ணில் நீர் இருந்தது. குனிந்து, கொபுசிங்கேவின் தோளில் போர்வையின் ஒரு முனையை இழுத்துப் போர்த்தினாள்.

"நானும் செத்த படுக்கிறேன், அகீக்கி" என்றாள். "நான் தூங்கி ஏழு மாசமாச்சு."

உள்ளறைக் கதவு மூடியது. பாய் விரிக்கும் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் மெல்லிய குறட்டை.

கொபுசிங்கே அலறிக்கொண்டிருந்தாள். கட்டிலில் உட்கார்ந்திருந்தவள் அவள் கையை விடவேயில்லை. அவள் பக்கம் சாய்ந்து, இமைக்காத கண்களோடு, புறங்கையைக் கட்டைவிரலால் மெதுவாகத் தடவிக்கொடுத்தாள், ஒரு நல்ல நர்ஸ் செய்வதுபோல.