தண்ணீர் படக்கூடாது

காலை ஏழு பத்து. ஆம்பூர் மக்பூல் அகமது சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பில் காவலாளி வேலு செத்துக் கிடந்தான். கிடந்த இடம், சாயபு மகள் கல்யாணத்துக்கான மரச்சாமான்களுக்கு இருதயராஜ் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த கொட்டகை. பிணத்தருகே காலியான பாலிஷ் பாட்டில், ஒரு பித்தளை டம்ளர்.

எட்டு மணிக்கெல்லாம் சப் இன்ஸ்பெக்டர் ராஜகோபால் இருதயராஜின் கையில் விலங்கு மாட்டிவிட்டார்.

மதுவிலக்குக் காலம். மர பாலிஷ் என்பது ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. அதில் உப்பைப் போட்டு, அரக்கைத் திரித்து, துணியில் வடித்து ஸ்பிரிட்டைக் குடித்துச் சாகிறவர்கள் ஜில்லா முழுக்க இருந்தார்கள். கொடுத்தவனுக்கு ஜெயில் நிச்சயம்.

"முந்தாநாள் வேலு இவன்கிட்ட பாலிஷ் கேட்டான் சார். என் காதால கேட்டேன்," என்றான் குடோன் மேஸ்திரி கோவிந்தராஜ். சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போய்க் கை கழுவினான்.

"கேட்டான் சார். நான் தரல. மாதா மேல சத்தியம்." என்றான் இருதயராஜ்.

"சத்தியத்தைக் கோர்ட்டுல பண்ணு. எட்டே முக்காலுக்கு ஜீப் வரும். நேரா வேலூர் ஜெயிலுதான்."

இருதயராஜோடு சேர்ந்து பாலிஷ் போடும் அவன் மனைவி அமிர்தவள்ளி, விலங்கு மாட்டிய கையையே பார்த்தாள். புருஷனை அனுப்பிவிட்டு இரண்டு பிள்ளைகளோடு அவள் எங்கே போவாள்? எதிரே ஜாலித் தட்டி, சல்லடைபோல் துளையிட்ட மரத் தடுப்பு, படுத்துக் கிடந்தது. கொடியும் கிளியுமாக இழை ரம்பத்தில் அறுத்த வேலை. அந்த ஓட்டைகளுக்குள் துணி நுழையாது. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, மெல்லிய பிரஷ்ஷால் ஆறு பூச்சு போட்டிருந்தார்கள். இன்னும் ஒன்றே ஒன்று பாக்கி. தண்ணீர் மட்டும் படக்கூடாது. பட்டால் அரக்கு வெள்ளையாகப் பூத்துவிடும். நெற்றி வியர்வை சொட்டினால்கூட இருதயராஜ் எரிந்து விழுவான்.

எட்டே கால். அவள் டம்ளர் அருகே மண்டியிட்டாள்.

"ஏம்மா, தொடாத!"

"ஐயா, கொஞ்சம் நீங்களே உள்ள விரல் விட்டுப் பாருங்க. ஒட்டுதா?"

ராஜகோபால் விட்டுப் பார்த்தார். "இல்ல. சுத்தமா இருக்குது."

"வடிச்சிக் குடிச்சான்னா உப்பு எங்க? வடிச்ச துணி எங்க? திரிஞ்ச அரக்கு எங்க?"

"அப்படியே குடிச்சிருப்பான்."

"அப்போ டம்ளர்ல அரக்கு காஞ்சி ஒட்டியிருக்கணும் ஐயா. வேலு குடிச்சது எங்க பாலிஷ் இல்ல."

ராஜகோபால் முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். "அப்போ பாட்டில்ல இருந்த பாலிஷ் எங்க போச்சு?"

அவள் சுற்றுமுற்றும் தேடினாள். மணி எட்டரை. மாதாவே, கைவிட்டுடாதே என்று மனசுக்குள் கதறினாள். குழாயடியில் கோவிந்தராஜ் மூன்றாவது முறையாகக் கை கழுவிக்கொண்டிருந்தான்.

"இன்னா மேஸ்திரி, கையி வெள்ளையா இருக்குது?" என்றாள்.

"சுண்ணாம்புக் குழியில தோலு ஊறுறதப் பார்த்தேன். வேற இன்னா? பேஜார் பண்ணாத போ."

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் கைக்குப் பஞ்சமா? ஆனால் அமிர்தவள்ளிக்குப் பொறி தட்டியது. சட்டென்று ஸ்பிரிட்டில் நனைத்த துணியோடு ஓடினாள். முதலில் குழி வேலை செய்யும் மஹபூப் பாஷாவின் விரலைத் துடைத்தாள். "பாத்துக்குங்க ஐயா, இது சுண்ணாம்பு. ஸ்பிரிட்டுல கரையல. அரக்கா இருந்தா கரையும்." பிறகு கோவிந்தராஜின் மணிக்கட்டைப் பிடித்தாள். அவன் உதறினான், ராஜகோபால் விடவில்லை. ஒரே துடைப்பு. வெள்ளை கரைந்தது. துணியில் பழுப்பாக, பிசுபிசுவென்று அரக்கு.

"பாலிஷை நீதான் கொட்டியிருக்கிற. கைமேல வழிஞ்சிருக்குது," என்றாள் அவள். "தோல் ஷாப்காரன் எதுக்கும் தண்ணியத்தான் தேடுவான். பாலிஷ்காரன் ஸ்பிரிட்டுலதான் துடைப்பான். நீ கழுவக் கழுவ அது ஜாஸ்தியா வெளுத்துப்போச்சு."

கான்ஸ்டபிள் கொட்டகைக்குப் பின்னால் இருந்த சாக்கடையைக் கிளறினார். தண்ணீரில் தயிராகத் திரிந்த அரக்கு, கட்டி கட்டியாக மிதந்தது.

ராஜகோபால் அதட்டியதும் கோவிந்தராஜ் எல்லாவற்றையும் கக்கினான். பதனிட்ட தோலைச் சுவரேற்றிக் கடத்தியதை வேலு பார்த்துவிட்டான். வாயடைக்க வேண்டி, குடோன் பீப்பாயில் இருந்த விஷ ஸ்பிரிட்டை நல்ல சரக்கென்று நீட்டியிருக்கிறான். பாவம் வேலு, நம்பிக் குடித்தான். பழி இருதயராஜ் மேல் விழட்டுமென்று பாலிஷைச் சாக்கடையில் கொட்டி, காலிப் பாட்டிலைப் பிணத்தருகே வைத்திருக்கிறான்.

எட்டே முக்காலுக்கு வந்த ஜீப்பில் கோவிந்தராஜ் ஏறினான்.

விலங்கு கழன்ற கையோடு இருதயராஜ் தட்டியருகே உட்கார்ந்தான். அமிர்தவள்ளி எதிரே உட்கார்ந்து பிரஷ்ஷை எடுத்தாள். அதுவரை கட்டிவைத்திருந்த அழுகை அப்போதுதான் பீறிட்டது. நேற்றைய பூச்சின் மேல், கிளியின் கழுத்தில், சொட்டுச் சொட்டாக விழுந்தது. சற்று நேரத்தில் அங்கே வெள்ளையாகப் பூத்தது.

அவள் பதறி முந்தானையால் ஒற்றினாள். எப்போதும் கத்துகிறவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இருக்கட்டும் அமிர்தம்," என்றான். "அத நான் எடுக்க மாட்டேன்."