ஈரம் காயாத கைநூல்

நிசாந்தினியின் கைநூல் இன்னும் ஈரமாகவே இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் தண்ணீரில் கை வைக்கவில்லை. ஆனாலும் நூலை அழுத்தினால் ஒரு சொட்டு வந்தது, பழுத்த புண்ணின் மணத்தோடு.

மகள் பிறந்து மூச்செடுக்கத் தவித்தபோது வற்றாப்பளை அம்மனுக்கு நேர்ந்து கட்டிய நூல் அது. அவள் ஆஸ்பத்திரித் தாதி. வாட்டுக்குள் முழங்கைக்குக் கீழே காப்பு, மோதிரம், நூல் ஒன்றும் போடக் கூடாதென்பது அவளுக்குத் தெரியாததல்ல. அம்மன் நூலில் என்ன கிருமி, விசர்க்கதை என்று கையுறைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

போன மாதம் கொக்கிளாயிலிருந்து கால் புண்ணோடு வந்து ஆறாம் கட்டிலில் கிடந்த வடிவம்மாதான் அதைக் கண்டாள்.

"மிஸி, உங்கட கைநூல் ஈரமாக் கிடக்கு. என்ர புண்ணில முட்டுது."

"அது ஒண்டுமில்லையம்மா."

அந்த வாரமே புண் சீழ்பிடித்தது. நஞ்சு இரத்தத்தில் ஏறி, நிசாந்தினியின் மணிக்கட்டைப் பிடித்தபடியே வடிவம்மா செத்துப்போனாள். அதன்பிறகு அந்தக் கட்டிலுக்குக் கிட்டப் போகவே நிசாந்தினிக்குப் பயம்.

இன்று, தொற்றுத் தடுப்புக்குப் பொறுப்பான ஜெகதீஸ்வரி சிஸ்டர் யன்னல்களைச் சாத்தி ஒரு நீல விளக்கை எடுத்தார். தகரக் கூரையில் மாரி மழை ஓயாமல் இரைந்தது.

"காலமை ஆறாம் கட்டில் கம்பியில கண்ணுக்குத் தெரியாத கிறீம் பூசினனான். தொட்டுப்போட்டு வடிவாக் கழுவாத கையை இந்த லைற் காட்டிக்குடுக்கும்."

மற்றவர்களின் நகக்கண்களில் சின்னப் பச்சைப் பொட்டுகள் மின்னின, சிரித்துக்கொண்டார்கள். கட்டிலைத் தொடாத நிசாந்தினி தைரியமாகத்தான் கையை நீட்டினாள். நூல் பச்சை நிறமாக ஒளிர்ந்தது. அதைச் சுற்றி ஐந்து விரல்களின் அடையாளம். மெலிந்த, கிழட்டு விரல்கள்.

"ஆர் உங்கட கையைப் பிடிச்சது?"

அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"நூலை வெட்டுங்கோ. இப்பவே."

வெட்டினாள். கழிவு போடும் மஞ்சள் வாளிக்குள் போட்டாள். தோல் எரியும்வரை முழங்கைமட்டும் சவுக்காரம் போட்டுத் தேய்த்தாள். விளக்கில் கை சுத்தமாகத்தான் இருந்தது. நெஞ்சுதான் ஆறவில்லை.

"இந்த லைற்றை ஒருக்கா வீட்ட கொண்டுபோகட்டே சிஸ்டர்? பிள்ளையத் தூக்கப் பயமாக் கிடக்கு."

வீடு ஆஸ்பத்திரிக்குப் பின்னால்தான். வாசலில் புருசன் கிருசாந்தன் குரலைத் தாழ்த்தினான்.

"இப்பதான் படுத்தவள். கத்திக்கொண்டிருந்தவள், ஆரோ பிடிச்ச மாதிரி டக்கெண்டு அடங்கிட்டாள்."

அறைக்குள் அந்த மணம்.

முதலில் தன் கைகளைப் பார்த்தாள். சுத்தம். பிறகு விளக்கை ஏணைப் பக்கம் திருப்பினாள்.

குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது. ஒரு கை மட்டும் வெளியே. அந்தரத்தில். தூக்கியபடி.

மணிக்கட்டில் நூல். ஈரமாக. வெட்டிய இடத்தில் புது முடிச்சு.

அதைச் சுற்றி ஐந்து பச்சை விரல்கள், ஒவ்வொன்றாக இறுகிக்கொண்டிருந்தன.