பன்னிரண்டாம் தடத்தில் வருவது

நெப்ராஸ்காவின் அந்தச் சரக்கு ரயில் யார்டுக்குத் தெரேசா ஹாவ்லிக் மாற்றலாகி வந்த முதல் வாரமே பனி கொட்டியது. மேட்டிலிருந்து தள்ளிவிடும் பெட்டிகள் இன்ஜின் இல்லாமல் தாமாகவே உருண்டு இறங்கும். எவ்வளவு வேகம், எவ்வளவு தூரம் என்று தண்டவாளத்தோரத்து ராடார் அளந்து சொல்லும். அதற்கேற்ப இரும்புத் தாடைகள் சக்கரங்களைக் கவ்வி அடக்கும். ராடார்களைப் பழுது பார்ப்பதுதான் அவள் வேலை.

அன்று பிற்பகலிலேயே வானம் கறுத்துவிட்டது. பன்னிரண்டாம் தடத்து ராடாரில் அப்பியிருந்த பனியை அவள் துடைத்துக்கொண்டிருந்தபோது இடுப்பு ரேடியோ கரகரத்தது. பேசியது டுவேன். தடத்தையொட்டிய கோபுரத்தில் உட்கார்ந்து தாடைகளை இயக்குபவன்.

"ஏய் தெரேசா, உன் தடத்துல என்னமோ வருதே. ஆள் நடக்குற வேகம்."

"நான்தான் நிக்கிறேன். குடிச்சிருக்கியா?"

"நீ நிக்கிற. இது நடக்குது."

திரும்பினாள். வெறும் தண்டவாளம். மிதிபடாத பனி.

ஆனால் பச்சை ரத்தத்தின் வாடை அவளைக் கடந்து போனது.

"டுவேன், இங்க யாராவது செத்திருக்காங்களா?"

"இல்ல," என்றான் அவசரமாக. பிறகு கிசுகிசுத்தான். "அது படியேறுது."

கோபுரத்தில் விளக்கு அணைந்தது.

"வெர்ன்! உன்னை நசுக்கணும்னு நான் பெட்டியை விடலடா!" என்று ரேடியோவில் கதறினான் டுவேன்.

கண்ணாடி வெடித்துச் சிதற, டுவேன் தலைகுப்புறத் தண்டவாளத்தில் வந்து விழுந்தான். இரும்புத் தாடைகள் தாமாகவே மூடின. கால் எலும்புகள் நொறுங்கிய சத்தம் அவன் அலறலையும் மீறிக் கேட்டது.

தெரேசா ஓடிப்போய் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். தாடைகள் அவன் கால்களை விடவில்லை.

மேட்டின் மேல் எதுவோ கிறீச்சிட்டது.

தானியம் நிரம்பிய பெட்டி ஒன்று, யாரும் தள்ளாமலே, உருண்டு வந்தது.

கையை உதறிவிட்டு விலகிப் பாய்ந்தாள்.

டுவேன் கால் தவறி விழுந்து செத்தான் என்று விசாரணையில் முடிவு கட்டினார்கள். பனி உருகியதும் புது ராடார் வந்தது. நல்ல வெயிலில், காலியான தடத்தில், அவளே அதை இயக்கிப் பார்த்தாள்.

திரையில் எண்கள் துடித்தன. எதுவோ ஓடி வந்துகொண்டிருந்தது. தூரம் குறைந்துகொண்டே வந்தது.

பூஜ்யம்.

அணைத்து வைத்திருந்த ரேடியோ கரகரத்தது.

"ஏன் தெரேசா என் கையை விட்ட?"