தொட்டிலில் கிடந்த குழவி

மூக்கு செத்துப்போன பிறகும் சிகப்பிக்கு அந்த வாசனை மட்டும் வந்தது. காப்பி மணக்கவில்லை, நெற்றியில் அரக்கித் தேய்த்த தைலம் மணக்கவில்லை, வெங்காயத்தை நறுக்கி மூக்கோடு வைத்து உறிஞ்சியும் ஒன்றுமில்லை. ஆனால் மஞ்சள் அரைத்துக் கழுவிய ஈரக் கல்லின் வாசனை முன்னறையிலிருந்து வந்துகொண்டே இருந்தது. அங்கே தொட்டில் தொங்கியது. தொட்டிலுக்குள் அம்மிக் குழவி கிடந்தது.

எல்லாம் அவள் புருஷன் மெய்யப்பனின் அவசரத்தால் வந்தது. சிங்கப்பூரிலிருந்து கடைசியாக லீவில் வந்தவன், பிள்ளை பிறக்கும்வரை பொறுக்கமாட்டாமல் உத்தரத்தில் தொட்டில் ஸ்பிரிங்கை மாட்டி, அதில் கைலியையும் தொட்டிலாகத் தொங்கவிட்டுப் போனான். திரும்பிப் போனதும் எல்லையில் கெடுபிடி இறுகி, அவனால் வர முடியாமல் போனது. வளைகாப்பு போனில் நடந்தது. பொந்தியானிலிருந்து மாமியார் தபாலில் அனுப்பிய கண்ணாடி வளையல்களைத் தன் கைக்குத் தானே போட்டுக்கொண்டாள். அப்போதுதான் மாமியார் திரையில் தொட்டிலைப் பார்த்தார்.

"அடி ஆத்தீ, வெறுந்தொட்டிலயா கட்டி வெச்சிருக்கான்? காத்துல ஆடுனா ஆகாதும்மா. கொழவிய நல்லாக் கழுவி, துணி சுத்திப் போட்டு வை. பிள்ளைக்குப் பதிலா அது கெடக்கட்டும்."

"சரிங்க அத்தை."

"போட்டதோட சரி. கொஞ்சிக் கிஞ்சி வெச்சிராத!" என்று சிரித்தார்.

அதற்கப்புறம் எங்கிருந்து ஒட்டியதோ, கொரோனா தொற்று வந்தது. வீட்டிலேயே இருக்கச் சொல்லி, கையில் வளையல்களுக்கு மேலே தொற்றாளி என்று காட்டும் இளஞ்சிவப்புப் பட்டை ஒன்றைக் கிளினிக்கில் மாட்டிவிட்டார்கள். பக்கத்து வீட்டார் சோற்றுப் பொட்டலத்தைக் கேட்டில் தொங்கவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விடுவார்கள். விடியுமுன்னே சிங்கப்பூர் வேலைக்குக் காஸ்வே பாலத்தை நோக்கிப் பறக்கும் மோட்டார் சைக்கிள்களின் இரைச்சல் இல்லாமல், தான் குடியிருந்த ஸ்கூடாயை அவள் அதுவரை கேட்டதே இல்லை. பேச்சுக்கு ஒரு ஆள் வேண்டாமா மனுஷிக்கு? முதல் நாள் விளையாட்டாகத்தான் தொட்டிலை இழுத்துவிட்டாள். மறுநாள் தாலாட்டுப் பாடினாள். பிறகு, வயிற்றுப் பிள்ளைக்கென்று அவளும் மெய்யப்பனும் ஆசையாக வைத்திருந்த 'தங்கம்' என்ற பெயரைச் சொல்லிக் கல்லைக் கூப்பிட்டாள். வயிற்றுக்கு மேலே வளையலைக் குலுக்கினால் பிள்ளை உள்ளே உதைக்கும். அதே வளையலைத் தொட்டிலுக்கு மேலேயும் குலுக்கிக் காட்டினாள். தனியாகக் கிடந்தவளுக்கு அதில் என்ன தப்பு தெரியும்?

இன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டபோது கிளினிக்கிலிருந்து நர்ஸ் லோஷினி மிஸ்ஸி போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, பிள்ள நல்லா அசையுதா?"

சிகப்பி யோசித்தாள். "காலையில லேசா அசைஞ்ச மாதிரி இருந்திச்சு மிஸ்ஸி."

"அதுக்கப்புறம்?"

அதற்கப்புறம் ஒன்றுமில்லை. அதைத்தான் சொன்னாள்.

"அலமாக்! ஏங்க்கா கூப்பிடல? இந்தக் கிருமி சில பேருக்கு நஞ்சுக்கொடியையே கெடுத்துரும். நீங்க நல்லா இருக்க மாதிரிதான் இருக்கும், பிள்ளைக்குத்தான் மூச்சு கெடைக்காது. நா ஆம்புலன்ஸ் அனுப்புறேன். கதவத் தொறந்து வெச்சிட்டு ஒருக்களிச்சுப் படுங்க. பயப்படாதீங்க லா."

பயப்படாமல் எப்படி இருப்பது? கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்து படுத்தாள். மழை தகரக் கூரையில் கொட்டியது, எங்கோ பாங்கு சொல்லும் குரல் மழையில் கரைந்து போனது, சன்னலில் இருந்த கொஞ்ச வெளிச்சமும் சாம்பலாகிக்கொண்டு வந்தது. வயிற்றுக்கு மேலே கையைக் கொண்டுபோய் வளையலைக் குலுக்கினாள்.

உள்ளே அசைவில்லை.

முன்னறையில் ஸ்பிரிங் கிரீச்சென்றது.

காற்றாக இருக்கும். கதவு திறந்துதானே கிடக்கிறது. மறுபடி குலுக்கினாள், இன்னும் பலமாக. ஒரு வளையல் உடைந்து மணிக்கட்டைக் கீறியது. "தங்கம், அம்மா கூப்பிடுறேன்ல? ஒரே ஒரு உதை. ஒண்ணே ஒண்ணு."

கிரீச். கிரீச்.

எழப் போனாள். எழ முடியவில்லை. நேற்றுவரை இல்லாத பாரம். சுவரைப் பிடித்து எழுந்து நகர்ந்தாள். முன்னறைக்குப் போகப் போகக் கல் வாசனை குறையும் என்று யார் நினைப்பார்கள்? குறைந்தது. அறை வாசலில் நின்றபோது அங்கே அது துளியும் இல்லை. வேறொரு வாசனை வந்தது.

பால் வாசனை.

தன் கையை முகர்ந்தாள். வயிற்றின்மேல் வைத்திருந்த கை. மஞ்சள். ஈரம். கல்.

கட்டியிருந்த கைலிக்கு மேலே வயிற்றைத் தடவினாள். சில்லென்றிருந்தது. வழுவழுவென்று, நீளவாக்கில், இரண்டு முனையும் தேய்ந்து உருண்டு. அவள் நகர்ந்தபோது அது உள்ளே புரண்டு எலும்பில் உரசியது. அம்மியில் அரைக்கும்போது கேட்கும் அதே சத்தம்.

தொட்டிலுக்குக் கீழே உட்கார்ந்துவிட்டாள். தொட்டில் நின்றுபோயிருந்தது. அந்த அமைதியைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

வளையலைக் குலுக்கினாள்.

தொட்டில் துணி புடைத்தது. விரற்கடை அகலம்கூட இல்லாத ஒரு குதிகால். உதைத்துவிட்டு உள்ளே போனது.

மறுபடி குலுக்கினாள். உதை வந்தது. மறுபடி. வந்தது. இப்போது கொஞ்சம் மெதுவாக.

வாசலில் வண்டி வந்து நின்று சிவப்பு வெளிச்சம் சுவரில் சுழன்றது. யாரோ செருப்பைக் கழற்றாமலே உள்ளே ஓடிவந்தார்கள். "அக்கா, கைய நீட்டுங்க, போலாம்," என்றார்கள். சிகப்பி கையை நீட்டவில்லை. நிறுத்தினால் பிள்ளையும் நிறுத்திவிடும். மணிக்கட்டில் ரத்தம் வழிய, உடைந்து மிஞ்சிய வளையல்களை அவள் தொட்டிலை நோக்கிக் குலுக்கிக்கொண்டே இருந்தாள்.