கூண்டுக் கவுதாரி

ஞாயிறு மத்தியானம் குணரத்தினம் ரூ காய் தெருவில் இருந்த தன் பலசரக்குக் கடைக்குள் நுழைந்தபோது கையில் கவுதாரிக் கூண்டு இருந்தது. வேட்டைக்குப் போகாத ஞாயிறு அவருக்கு ஞாயிறே இல்லை. சின்ன வயதில் பிடித்த பைத்தியம், பாரிசுக்கு வந்தும் விடவில்லை. நகருக்கு வெளியே உள்ள வயல்களில், பழக்கிய கவுதாரியைக் கூண்டோடு புதர்ப் பற்றைக்குள் வைத்துவிட்டு, பின்னால் மூச்சுக் காட்டாமல் படுத்திருப்பார். கூண்டுப் பறவை கூவும். மற்றவை தேடி வரும். இங்கே அது சட்டத்துக்கு ஒவ்வாது. மனிதர் கேட்டால்தானே!

"பேசாமல் இந்தக் கவுதாரியையே கட்டியிருக்கலாம்" என்றாள் கல்லாவில் இருந்த மனைவி துஷ்யந்தி.

"போவ்ர் வாசோ!" என்று பறவைக்காக இரங்கினாள் மகள் சுபாங்கி. ஏழு வயது. தமிழ் நன்றாக விளங்கும். வாயைத் திறந்தால் பிரெஞ்சு மட்டும்தான்.

கடைக்குக் கீழே, படியிறங்கினால், நீண்ட நடை. அதன் ஓரத்தில் அவருடைய நிலவறை. அரிசி மூட்டை, கருவாடு, ஈரச் சுவர், எல்லாம் பழகிய மணம். கூண்டை இறக்கி வைத்து நிமிர்வதற்குள் கதவு அறைந்து சாத்திக்கொண்டது. உள்பக்கம் கைப்பிடி கிடையாது. விளக்கும் அணைந்தது.

"துஷ்யந்தி! கதவு பூட்டுப்பட்டிட்டுது!"

பதில் இல்லை. போனில் சிக்னலும் இல்லை. தொண்டை கிழியக் கத்தினார்.

வழியெல்லாம் கூவிக்கொண்டு வந்த பறவை இப்போது கூவவில்லை. மூலையில் ஒடுங்கி நடுங்குவது போன் வெளிச்சத்தில் தெரிந்தது. நனைந்த மண்ணின் மணம் எங்கிருந்தோ வந்தது.

மூட்டைகளுக்குப் பின்னால் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள்.

அந்த அடக்கத்தை அவருக்குத் தெரியும். வயலில் படுத்திருக்கும்போது அவரும் அப்படித்தான் அடக்குவார்.

அது கிட்ட வரவில்லை. அவரைத் தொடவில்லை.

கூண்டுப் பறவையை வேட்டைக்காரன் தொடமாட்டான்.

குணரத்தினத்துக்கு விளங்கிவிட்டது. இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். இங்கேயே கிடந்து செத்தாலும் பரவாயில்லை, துஷ்யந்தியும் சுபாங்கியும் இறங்கி வரக்கூடாது.

மூச்சு அவரைக் கடந்து, சாத்திய கதவையும் கடந்து வெளியே போனது.

"சுபாங்கி, இஞ்சை ஓடி வா மகள்."

அவருடைய குரலேதான், ஆனால் அவர் வாய் திறக்கவில்லை. நடையின் கடைசியிலிருந்து கேட்டது.

"ஜாரீவ், பாப்பா!" வருகிறேன் என்ற குரலோடு சின்னச் செருப்புகள் படியில் தடதடவென்று இறங்கின.

"போகாதை மகள்! அது நானில்லை!"

கதவில் முட்டி மோதினார். செருப்புச் சத்தம் கதவைத் தாண்டி ஓடி, நின்றுவிட்டது.

கதவைத் திறந்தவள் துஷ்யந்தி. "என்னப்பா இப்பிடிக் கத்துறியள்? பிள்ளை எங்கை? நீங்கள் கூப்பிட்டனீங்கள் எண்டுதானே இறங்கினவள்."

நடையில் யாரும் இல்லை. கடைசியில், எப்போதும் பூட்டியே கிடக்கும் பழைய நிலவறையின் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரே இருட்டு.

"அப்பா," என்றது சுபாங்கியின் குரல். "இஞ்சை வாங்கோ அப்பா. எனக்குப் பயமாய்க் கிடக்கு."

சுத்தமான தமிழ்.

துஷ்யந்தி அவருடைய கையை இறுக்கிப் பிடித்தாள். "போகாதேங்கோ. அது எங்கடை பிள்ளை இல்லை."

"தெரியும்" என்றார் குணரத்தினம்.

கையை உதறிவிட்டு நடந்தார். பின்னால் கூண்டுக் கவுதாரி மறுபடி கூவத் தொடங்கியது.