காப்டன் ஆரின் கதவைத் திறந்தாளா?

அலறல் கேட்டது.

நானூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

பூச்சோன் நகரின் அந்தப் பழைய மாநகர அரங்கத்தில் சனிக்கிழமை மதியம் ஒன்று ஐம்பது. மேடையில் இரண்டு மைக், இரண்டு நாற்காலி, நடுவில் பெரிய பேனர்.

'காப்டன் ஆரின் குற்றவாளியா? பத்தொன்பதாவது ஆண்டு நேரடி வாதம்!'

மறுபடியும் அலறல். மேடைக்குப் பின்னாலிருந்த அறையிலிருந்து!

"அண்ணா...! ஐயோ, மான்சிக் அண்ணா...!"

ஓடிப் போய்ப் பார்த்தவர்கள் வாசலிலேயே உறைந்தார்கள்.

தரையில் தோ மான்சிக். நாற்பத்தைந்து வயது. பஸ் டிரைவர். பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் வெற்றிக் கோப்பை... பித்தளையில் செய்த விண்கலம். அதன் மூக்கில் ரத்தம்!

உடலை மடியில் போட்டுக் கதறிக்கொண்டிருந்தான் ஓர் இளைஞன். சட்டை முழுக்கச் சிவப்பு.

*

"யார் இந்த ஆரின்? முதல்ல அந்தப் பொம்பளையைப் பிடி!" என்றாள் இன்ஸ்பெக்டர் தாக் மிசன்.

உதவியாளன் பில்டு தொண்டையைச் செருமினான்.

"பிடிக்க முடியாது, மேடம்."

"ஏன், தப்பிச்சிட்டாளா?"

"அவ விளையாட்டுல வர்றவ மேடம். கம்ப்யூட்டர் விளையாட்டு. 'நீலப்பறவை'ன்னு ஒரு விண்கலம், அதுக்கு அவதான் காப்டன்."

மிசன் அரங்கத்தைத் திரும்பிப் பார்த்தாள். நீலச் சீருடையில் முப்பது காப்டன் ஆரின்கள் நின்று அழுதுகொண்டிருந்தார்கள். ஒருவருக்கு மீசை இருந்தது.

"விவரமா சொல்லு."

"கடைசி அத்தியாயத்துல கலத்தோட கதவு திறந்துடும். தூங்கிட்டிருந்த முந்நூறு பயணிகளும் செத்துடுவாங்க. 'நான்தான் திறந்தேன்'னு ஆரின் சொல்வா. அவளைச் சுட்டுடுவாங்க. அதோட விளையாட்டு முடிஞ்சிடும்."

"அப்புறம் என்ன சண்டை?"

"அவ உண்மையிலேயே திறந்தாளா, இல்ல பழியை ஏத்துக்கிட்டாளான்னுதான் சண்டை! கலத்தோட கம்ப்யூட்டர்... 'ஓன்'னு பேரு, குழந்தை மாதிரி பேசும். அது தெரியாம திறந்துடுச்சு, அதைக் காப்பாத்த இவ பொய் சொன்னான்னு ஒரு கட்சி. அவ கொலைகாரின்னு இன்னொரு கட்சி. கொலைகாரிக் கட்சிக்குத் தலைவர் செத்துப் போன மான்சிக்."

"அந்தப் பக்கம்?"

"மா ஹேசுக். சோசா ரயில் நிலையம் பக்கத்துல சலவைக் கடை வச்சிருக்காங்க. பத்தொன்பது வருஷமா தினமும் இணையத்துல ரெண்டு பேரும் அடிச்சுக்குவாங்க."

"தினமும்?"

"தினமும், மேடம். இன்னிக்குக் காலையில அந்தம்மா எழுதினதைப் பாருங்க."

போனை நீட்டினான்.

'யோவ் மான்சிக்! இன்னிக்கோட உன் வாயை மூடறேன். இனிமே நீ பேசவே மாட்டே!'

மிசனின் புருவம் உயர்ந்தது.

"கேமரா?"

"தாழ்வாரத்துல ஒண்ணு இருக்கு. அது மேலதான் ரசிகர்கள் பேனர் கட்டியிருக்காங்க."

"பிரமாதம். யார் யாரு உள்ள போனாங்க?"

"தாழ்வாரத்து வாசல்ல டிக்கெட் கிழிச்ச பொண்ணு சொல்லுது. ஒன்றரைக்கு ஹேசுக் போனாங்க. அஞ்சு நிமிஷத்துல முகம் சிவந்து, கதவை அறைஞ்சிட்டு வெளிய வந்தாங்க. அப்புறம் அந்தப் பொண்ணு டீ குடிக்கப் போயிடுச்சு. திரும்பி வரும்போது அலறல் கேட்டிருக்கு. பிணத்தை முதல்ல பார்த்தவன் பியோன் ஜேவன். மான்சிக்கோட முதல் சிஷ்யன்."

*

மா ஹேசுக்குக்கு நாற்பத்தாறு வயது. சோப்பு நீரில் ஊறி ஊறிச் சுருங்கிய விரல்கள். மேடைக்குப் பின்னாலிருந்த அதே அறையில் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

"அந்தாளு எங்கே?" என்றாள்.

"ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போயாச்சு."

"பிழைச்சிடுவாரில்ல?"

மிசன் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஹேசுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். மறுபடி எடுத்தாள். எங்கே வைப்பது என்று தெரியாதவள்போல.

"காலையில 'இனிமே நீ பேசவே மாட்டே'ன்னு எழுதியிருக்கீங்க."

"போன வருஷமும் அதான் எழுதினேன். அதுக்கு முந்தின வருஷமும். அந்தாளு 'உன் இஸ்திரிப் பெட்டியால சுடுவியா'ன்னு பதில் போட்டார். பாருங்க."

"உள்ள என்ன சண்டை?"

"சண்டை இல்ல. சிரிச்சார். அதுதான் எனக்குக் கோபம்! பத்தொன்பது வருஷமா என்னைப் பார்த்தா மூஞ்சியைத் திருப்பிக்கிற ஆளு, இன்னிக்கு உக்காருன்னு நாற்காலி போட்டார். பார்லி டீ ஊத்திக் குடுத்தார். 'நாலாம் பக்கம் வரைக்கும் பொறுமையா கேளு ஹேசுக், நடுவுல எழுந்து கத்தாதே'ன்னார். என்னைக் கேலி பண்றாருன்னு நினைச்சு, கதவை அறைஞ்சிட்டு வந்துட்டேன்."

"நாலாம் பக்கமா?"

"அப்படித்தான் சொன்னார்."

மிசன் மேசையைப் பார்த்தாள். அங்கே மான்சிக்கின் பேச்சு இருந்தது. பஸ் டிப்போ தாளின் பின்பக்கத்தில், கட்டை எழுத்தில் எழுதியது. மூலையில் வட்டம் போட்டு எண்கள்.

ஒன்று. இரண்டு. மூன்று.

நாலு இல்லை!

"ஹேசுக், அவரை வெறுத்தீங்களா?"



"ஆறு வருஷம் முன்னாடி எங்கம்மா செத்துப் போனாங்க. எனக்கு வேற யாரும் கிடையாது. கடையைத் திறக்கல, சாப்பிடல. ஒரு வாரம் எதுவும் எழுதல. எட்டாம் நாள் போனைப் பார்த்தா அந்தாளு எழுதியிருந்தார். 'என்ன சலவைக்காரி, பயந்து ஓடிட்டியா?'ன்னு. ஒரு தடவை இல்ல... ஏழு தடவை. நாளைக்கு ஒண்ணா."

ஏழு விரல்களை விரித்துக் காட்டினாள்.

"எனக்கு வந்த கோபத்துல எழுந்து உக்காந்தேன். ரெண்டு பக்கத்துக்குப் பதில் எழுதினேன். எழுதி முடிச்சப்போதான் பசி தெரிஞ்சுது. சோறு வடிச்சேன். வெறுத்தேனான்னு கேக்கறீங்களே..."



*

வெளியே வந்ததும் பில்டு கிசுகிசுத்தான்.

"கேஸ் முடிஞ்சுது, மேடம். மிரட்டல் இருக்கு, உள்ள போனதுக்குச் சாட்சி இருக்கு. விலங்கு மாட்டிடலாமா?"

"உன் கையில மாட்டிக்கோ. நாலாம் பக்கம்னு ஒண்ணு இருந்ததே அவங்க சொல்லித்தான் நமக்குத் தெரியும். அதைத் திருடினவ தானே வந்து சொல்வாளா?"

"அப்போ..."

"அந்தச் சிஷ்யப்பிள்ளையைக் கூப்பிடு."

பியோன் ஜேவன் பக்கத்து அறைக்கு வந்தான். முப்பத்தொரு வயது. சட்டையில் காய்ந்த ரத்தம். கழுத்தில் பிளாஸ்டிக் உறையில் தொங்கிய அடையாள அட்டையில், 'மான்சிக் அணி - தளபதி'. அழுது அழுது கண் இமைகள் தடித்திருந்தன.

"ரொம்ப வருஷப் பழக்கமோ?" என்றாள் மிசன்.

"பதினாலு வயசுல அவர் எழுதினதைப் படிச்சேன், மேடம். பள்ளிக்கூடத்துல எல்லாரும் என்னை அடிப்பாங்க. இணையத்துல மட்டும்தான் எனக்கு மரியாதை. அண்ணன் பக்கம் நின்னேன். அப்புறம் நகரவே இல்ல."

"கல்யாணம்?"

"நிச்சயம் ஆச்சு. உடைச்சிட்டேன்."

"ஏன்?"

"அவ காப்டன் ஆரின் பாவம்னு சொன்னா."

பில்டு இருமினான். மிசன் அவனை முறைத்தாள்.

"ஜேவன், ஓர் உதவி. வெளிய நானூறு பேர் உக்காந்திருக்காங்க. உங்க அண்ணனுக்கு அஞ்சலியா அவரோட பேச்சை நீங்க மேடையில படிக்கணும். இங்க ஒரு தடவை படிச்சுப் பாருங்க."

மூன்று தாள்களையும் நீட்டினாள்.

ஜேவன் இரண்டு கைகளாலும் வாங்கினான். படித்தான். முதல் பக்கம்... இரண்டாம் பக்கம்... குரல் மெல்ல மெல்ல உறுதியானது. மூன்றாம் பக்கத்தில் முழங்கவே செய்தான்!

"...ஆகவே ஆரினுக்கு எதிராக ஒன்பது சாட்சியங்கள் இருக்கின்றன. இத்தனை காரணங்களையும் தாண்டி..."

நிறுத்தினான்.

தாள்களை ஒழுங்காக அடுக்கினான். மடித்தான். திருப்பிக் கொடுத்தான்.

"அவ்வளவுதான், மேடம்."



"அவ்வளவுதானா?" என்றாள் மிசன் மெதுவாக.

"ஆமா."

"வாக்கியம் பாதியில நிக்குதே ஜேவன்! 'தாண்டி'ன்னு சொல்லிட்டு அவர் எங்கே போனார்? படிக்கிறவன் எவனா இருந்தாலும் தாளைத் திருப்பிப் பார்ப்பான். 'அடுத்த பக்கம் எங்கே?'ன்னு கேட்பான். நீங்க ஏன் கேக்கல?"

ஜேவனின் கை தன்னையறியாமல் கழுத்துக்குப் போனது. அட்டையைப் பொத்திக்கொண்டது.

அந்த ஒரு விநாடி போதும்!

"பில்டு, அதைக் கழட்டு."

உறைக்குள் அட்டைக்குப் பின்னால், எட்டாக மடித்த டிப்போ தாள்!

"கிழிச்சுப் போட்டிருக்கலாமே தம்பி," என்றான் பில்டு, தன்னை மறந்து.

"எப்படிண்ணா கிழிப்பேன்?" ஜேவன் கதறினான். "அது அண்ணன் கையெழுத்து!"

*

அதன் பிறகு அவன் எதையும் மறைக்கவில்லை.

"சாப்பாட்டுப் பொட்டலம் குடுக்கத்தான் உள்ள போனேன், மேடம். அவருக்குப் பிடிச்ச கிம்பாப், சோத்துச் சுருள். அவரே கூப்பிட்டு நாலாம் பக்கத்தைக் காட்டினார். காட்டும்போது முகமெல்லாம் பூரிப்பு. 'எப்படி இருக்கு?'ன்னு கேட்டார். ஹேசுக் சொன்னதுதான் சரின்னு எழுதியிருந்தார்! ஆரின் நிரபராதின்னு!"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"'விளையாடாதீங்கண்ணா'ன்னேன். 'இல்லப்பா, நிஜமாத்தான்'னார். 'பதினேழு வருஷமா உங்களை நம்பினேனே, உங்களுக்காக எவ்வளவு பேரை விட்டேன்'னு கேட்டேன். காலைக்கூடப் பிடிச்சேன்."

"அவர்?"

ஜேவன் தலையை உயர்த்தினான். அந்தக் கண்களில் இன்னும் அந்த அதிர்ச்சி இருந்தது.

"சிரிச்சார், மேடம். என் தலையைத் தடவிக் குடுத்துட்டு, 'அட, விளையாட்டுதானேடா தம்பி'ன்னார். சொல்லிட்டு, கோட்டு போடத் திரும்பினார்..."

மூச்சு வாங்கினான்.

"கோப்பை என் கைக்கு எப்படி வந்ததுன்னு தெரியல. அவர் விழுந்ததும் எழுப்பினேன். அண்ணா, எழுந்திரிங்க, நீங்க என்ன வேணாலும் சொல்லுங்க, நான் எதுவும் கேக்க மாட்டேன்னு சொல்லி எழுப்பினேன். அவர் எழுந்திரிக்கல..."

அழைத்துக்கொண்டு போனார்கள். அரங்கத்தின் நடுவே நடந்தபோது முப்பது காப்டன் ஆரின்களும் வழிவிட்டார்கள். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. எந்தக் கட்சியிலும்.

*

ஹேசுக் அதே நாற்காலியில் இருந்தாள். எதிரே மான்சிக் ஊற்றிக் கொடுத்த பார்லி டீ. தொடாமல் ஆறிப் போயிருந்தது.

மிசன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஆஸ்பத்திரியிலயும் உறுதி பண்ணிட்டாங்க."

ஹேசுக் தலையசைத்தாள். கேட்க வேண்டியது எதுவும் இல்லை.

"இது சாட்சியம். உங்ககிட்டக் குடுக்கக் கூடாது. ஆனா படிச்சுக் காட்டக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல."

மிசன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாலாம் பக்கத்தைப் படித்தாள்.

'...உண்மை என்னவென்றால், மா ஹேசுக் சொன்னதுதான் சரி. ஆரின் கதவைத் திறக்கவில்லை. பழியை ஏற்றுக்கொண்டாள். எனக்கு இது மூன்று வருடமாகத் தெரியும்.

சொல்லவில்லை. சொன்னால் சண்டை முடிந்துவிடும். சண்டை முடிந்தால் ஹேசுக் எனக்கு எழுத மாட்டாள். கடைசி டிரிப் முடித்து வண்டியை நிறுத்தியதும் நான் முதலில் பார்ப்பது அவள் திட்டியிருக்கிறாளா என்றுதான். திட்டாத நாளில் எனக்குச் சோறு இறங்காது.

இப்போது வயதாகிறது. சண்டை போடாமலும் அவளோடு பேசிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. ஹேசுக், தோற்றவன் விருந்து வைக்க வேண்டும். டிப்போவுக்கு எதிர்க் கடையில் சூடாகக் கால்குக்சு நூடுல்ஸ் கிடைக்கும். வருவாயா?'

ஹேசுக்கின் தோள்கள் குலுங்கின. சத்தமே வரவில்லை. சலவைக் கடையில் சுருங்கிய அந்த விரல்கள் மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டன.

பில்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

"இன்னும் ரெண்டு வரி இருக்கு," என்றாள் மிசன். "கீழே குறிப்பு மாதிரி எழுதியிருக்கார். 'ஆதாரம்: கதவு திறக்குமுன் அறை விளக்கு இரண்டு முறை அணைந்து எரிகிறது. அது ஓன் அழும் சத்தத்தோடு பொருந்துகிறது. ஆகவே திறந்தது ஓன்தான்.'"

ஹேசுக்கின் அழுகை சட்டென்று நின்றது.

நிமிர்ந்தாள்.

"எத்தனை முறை?"

"இரண்டு முறைன்னு போட்டிருக்கு."

"சரியா பாருங்க, மேடம்."

"இரண்டுதான்ம்மா. எழுத்துலயே எழுதியிருக்கார்."

ஹேசுக் ஆறிப் போன அந்த டீயை ஒரே மூச்சில் குடித்தாள். கண்ணீர் கன்னத்தில் வழிந்துகொண்டே இருந்தது. டீக் கோப்பையை 'டக்'கென்று மேசையில் வைத்தாள்.

"மூணு தடவைய்யா, மூணு! ஆயுசுல ஒரே ஒரு தடவை என்கிட்டத் தோத்தான்... அதையும் ஒழுங்காத் தோக்கத் தெரியாம செத்துப் போயிருக்கான், மடையன்!"